மாதாவை இறக்கச் சொன்ன மிஸ்ஸி

எங்கள் கோயிலில் இன்றைக்கும் அந்த அம்மாவின் பேச்சு வந்தால், பூசைக்குப் பிறகு மண்டபத்தில் மீகூன் என்கிற அரிசிச் சேமியாத் தட்டோடு உட்கார்ந்திருப்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். மாதாவைச் சாக்கடையில் போடச் சொன்னவள் என்பது ஒரு கட்சி. ஆளைக் காப்பாற்றியவர் என்பது இன்னொரு கட்சி. குரல் ஏற ஏற இரண்டு கட்சியும் என் பக்கம் திரும்பும். அன்றைக்குக் கிரேனின் பிடி என் கையில் இருந்தது.

அப்போதெல்லாம் நான் தேநீரை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவேன். பயந்து அல்ல. இந்தத் தீவில் நான் பயப்பட வேண்டிய ஆள் ஒருவரும் இல்லை. ஒரு நாள் காரியத்தை மட்டும் வைத்து ஒரு மனுஷியை அளப்பது எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான். நான் அவரைப் பல வருஷம் பக்கத்திலிருந்து பார்த்தவன்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பைராம் தோட்டத்தில் பிறந்து, ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டு, துறைமுகத்தில் சரக்குக்குச் சங்கிலி மாட்டும் வேலைக்கு வந்தவன் நான். யாரும் கை கொடுக்கவில்லை. இன்றைக்கு என் பெயர் எழுதிய கிரேன் லாரிகள் ஜார்ஜ் டவுன் முழுக்க ஓடுகின்றன. பழைய கடைவீட்டுக் கூரைக்கு மேல் தண்ணீர்த் தொட்டி ஏற்ற வேண்டுமா, குறுகிய சந்துக்குள் பெரிய மெஷினை இறக்க வேண்டுமா, மற்றவர்கள் வந்து பார்த்துத் தலையைச் சொறிந்துவிட்டுப் போன பிறகு என்னைத்தான் கூப்பிடுவார்கள். என் கையில் தூக்கிய சாமான் கீழே விழுந்தது என்று யாரும் சொல்ல முடியாது. மாதாவை நான் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

நர்ஸை எங்கள் ஊரில் மிஸ்ஸி என்போம். அந்த அம்மா பெரியாஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒல்லியான உருவம், இஸ்திரி போட்ட வெள்ளைச் சேலை, ரப்பர் செருப்பு. ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் மற்றவர்கள் உட்கார இடம் தேடுவார்கள். மிஸ்ஸி வாசலிலேயே நின்று சுற்றிப் பார்ப்பார். ஆஸ்பத்திரி வார்டுக்குள் நுழைந்து, எந்தக் கட்டிலுக்கு முதலில் போவது என்று பார்க்கிற பார்வை. அது அவரை விட்டுப் போகவேயில்லை.

ஜெலுத்தோங்கில் நான் வீடு கட்டிக் குடிபுகுந்தபோது வந்தார். இத்தாலியிலிருந்து வந்த பளிங்குக் கல், கூடத்தில் கண்ணாடி விளக்கு, எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். மிஸ்ஸி மாடிப்படியைப் பார்த்தார்.

"கைப்பிடி எங்க தம்பி?"

"வந்துக்கிட்டே இருக்கு மிஸ்ஸி. ஸ்பெஷலா செய்யச் சொல்லியிருக்கேன்."

"வர்ற வரைக்கும் மாடிக்கு யாரு போறது?"

"எல்லாரும்தான் போறோம், பழகிப்போச்சு."

"உன் மாமியாருமா?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். விருந்தாளிகள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, நான் பட்டுச் சட்டையோடு லாரியிலிருந்து கயிறு எடுத்து வந்து படியில் கட்டினேன். பளிங்கைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு வெகுநாள் இருந்தது.

அவரோடு எனக்கு நெருக்கம் வந்தது ஞானோபதேச வகுப்பில். என் மனைவி பிறவிக் கத்தோலிக்கர். நான் முருகனைக் கும்பிட்டு வளர்ந்தவன். பிள்ளைகள் தலையெடுத்த பிறகு, நானும் ஞானஸ்நானம் வாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றியது. என்னைப் போல் வயது கடந்து வருகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பாடம் நடத்தியவர் மிஸ்ஸி. கோயில் மண்டபத்தின் பின்பக்கம்தான் வகுப்பு. கூரைக் காற்றாடிக்கு நேர் கீழே யாரையும் உட்கார விடமாட்டார். அதன் ஆணி துருப்பிடித்திருக்கிறதாம்.

ஒரு நாள் தலையான புண்ணியங்கள் நான்கைப் பலகையில் எழுதினார். விவேகம், நீதி, திடம், மட்டசனம். மட்டசனம் என்றால் எதிலும் அளவோடு நிற்பது என்று விளக்கிவிட்டு, "இதுல எது முதல்ல?" என்றார்.

"திடம்," என்றேன். துணிச்சலால் முன்னுக்கு வந்தவன் வேறென்ன சொல்வேன்.

"இல்ல தம்பி. விவேகம்தான். மத்த மூணும் பின் சீட்டுல உட்கார்ந்து வர்றவங்க. டிரைவர் விவேகம்தான்."

"டிரைவர்னா நம்ம ஆளு லா." வகுப்பு சிரித்தது.

"சரி, நீயே சொல்லு. பிரேக் மட்டும் மிதிக்கத் தெரிஞ்சவன் டிரைவரா?"

"அவனை நான் வேலைக்கே எடுக்க மாட்டேன்."

"பயந்து ஒதுங்குறவனைத்தான் ஊர்ல விவேகின்னு சொல்றாங்க. அவன் பிரேக் மட்டும் தெரிஞ்சவன்."

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. அப்படியானால் என்னிடம் விவேகம் நிறைய இருக்கிறது என்று, ஒரு போட்டிக்காரனுக்கு அளவெடுக்கும் நேரத்தை மாற்றிச் சொல்லி வேலையைப் பிடித்த கதையை எடுத்து விட்டேன். நான் அந்தக் கதையைச் சொல்லும்போது சிரிக்காதவர்கள் இல்லை. மிஸ்ஸி கடைசி வரைக்கும் கேட்டார்.

"நல்லா ஓட்டியிருக்க. ஆனா கார் உன்னோடது இல்ல."

"புரியல மிஸ்ஸி."

"திருடனும் நல்லாத்தான் ஓட்டுவான் தம்பி. போற இடம் கோணலா இருந்தா அதுக்குப் பேரு தந்திரம். இந்தப் பலகையில அதுக்கு இடமில்ல."

பிறகு வகுப்பைப் பார்த்து, விவேகத்துக்கு மூன்று வேலை என்றார். முதலில் கேட்பது, தெரிந்தவர்களிடம், பட்டவர்களிடம், வயதில் சின்னவர்களிடமும். அடுத்து, எது சரி என்று முடிவெடுப்பது. மூன்றாவது, எடுத்த முடிவைச் செய்வது. "முதல் ரெண்டையும் செஞ்சுட்டு மூணாவதைச் செய்யாம நிக்கிறவன், ஒண்ணுமே செய்யாதவனை விட மோசம்" என்றார். யாரிடமும் எதையும் கேட்காமலே நான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேனே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அந்த வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை. வாரத்துக்கு வாரம் ஒரு புதுக் காயத்தோடு வருவாள், கதவில் இடித்துக்கொண்டேன் என்பாள். எந்தக் கதவு என்று எல்லாருக்கும் தெரியும். அவள் புருஷன் குடிகாரன்கூட இல்லை. நல்ல நிதானத்தில் அடிக்கிறவன். எனக்கு இரத்தம் கொதித்தது.

"மிஸ்ஸி, ஒரு வார்த்தை சொல்லுங்க. நம்ம பையனுங்களோட போய் அவனைத் தூக்கிடுறேன்."

"தூக்கி?"

"ரெண்டு போட்டா திருந்துவான்."

"போட்டுட்டு நீ உன் வீட்டுக்குப் போயிடுவ. அவ எந்த வீட்டுக்குப் போவா?"

அதற்குப் பிறகு வாரக்கணக்கில் மிஸ்ஸி கேள்வி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். அடையாள அட்டை உன் கையில் இருக்கிறதா, அவன் கையிலா? பிள்ளையின் பிறப்புப் பத்திரம்? அக்கரையில், செபராங் ஜெயாவில் இருக்கிற உன் அக்கா வீட்டில் படுக்க இடம் உண்டா, அக்கா புருஷன் என்ன மாதிரி? அந்தப் பக்கம் பள்ளிக்கூடம் எங்கே? அவனுக்குக் காலை ஷிப்ட் எந்த வாரம்? போலீஸில் வேலை பார்த்த யாரோ ஓர் அம்மாவிடமும் போய் விசாரித்தார். நடுவில் அந்தப் பெண் கையில் கட்டோடு ஒரு நாள் வந்தாள். அன்றைக்கும் மிஸ்ஸி கட்டை அவிழ்த்துப் பார்த்து, சரியாகக் கட்டி அனுப்பினாரே தவிர ஒன்றும் செய்யவில்லை.

"அந்தம்மா கேள்வி கேட்டே அவளைச் சாகடிச்சிடும்" என்று என் மனைவியிடம் சொன்னேன்.

ஒரு நாள் காலை, வெல்ட் கீ துறைமுகச் சாலையில் ஒரு வேலையில் இருந்தபோது போன் வந்தது.

"தம்பி, லாரி எங்க இருக்கு?"

"இங்கதான் மிஸ்ஸி. மதியம் போல..."

"இப்ப."

என் வாழ்நாளில் வேலையை அப்படி நடுவில் போட்டுவிட்டுப் போனதில்லை. அந்தப் பெண் குடியிருந்த அடுக்குமாடிக்குக் கீழே மிஸ்ஸி நின்றார். மேலே அந்தப் பெண் சாமான்களை எடுத்துக்கொண்டிருந்தாள். துணி மூட்டை, தையல் மெஷின், பிள்ளையின் புத்தகப் பை. சாமான்களும் பிள்ளையும் ஏறிய பிறகு அவள் திரும்பவும் உள்ளே ஓடினாள். சுவரில் மாட்டிய பெரிய டிவி.

"என் காசுல வாங்கினது மிஸ்ஸி."

"வேணாம்."

"நான் தூக்கிடுவேன்" என்றேன். உண்மையும் அதுதான், ஒரு கையால் தூக்கியிருப்பேன்.

"தூக்குவ. கழட்ட நேரமாகும். வண்டியில ஏறு."

தீவிலிருந்து அக்கரைக்குப் போகும் பாலத்தின் நடுவில் வரும்போது அவள் போன் அடித்தது. புருஷன். அவள் போனை மடியில் கவிழ்த்துப் போட்டாள். நான் கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். பின்னால் வந்த ஒவ்வொரு வெள்ளைக் காரும் அவன் கார் மாதிரி இருந்தது.

மிஸ்ஸி அவளிடம், "வழக்கமா இந்நேரம் கூப்பிடுவானா?" என்று கேட்டார்.

"டீ குடிக்கிற நேரத்துல கூப்பிடுவாரு."

"நீ எடுக்காம இருந்தது உண்டா?"

"வேலையில இருந்தா எடுக்க முடியாது."

"அப்போ நீ வேலையிலதான் இருக்க. அடிக்கட்டும்."

பாலம் முடிகிற வரைக்கும் அது அடித்து நின்று, அடித்து நின்று வந்தது. மிஸ்ஸி முன்னால் சாலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் முதுகு சீட்டில் சாயவில்லை என்பதை நான் அப்போதுதான் கவனித்தேன்.

அவள் புருஷன் அடுத்த ஞாயிறு கோயிலுக்கு வந்து சத்தம் போட்டான். அவன் கத்தியதைவிட எங்கள் ஆட்கள் பேசியதுதான் அதிகம். "குடும்பத்தை உடைக்கச் சொல்லித் தர்றதுதான் ஞானோபதேசமா?" என்று முதலில் கேட்டவர் என் மச்சான். என் மனைவியின் அண்ணன், ஜெபமாலைக் கூட்டத்தின் தலைவர். ஊரில் யார் செத்தாலும் அங்கே முழங்காலில் நிற்பவர். பக்தியில் அவருக்கு ஈடு கிடையாது. மிஸ்ஸி அவருக்குப் பதில் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று எனக்குப் பட்டது. மிஸ்ஸி இப்படித்தான், தனக்காக வாயைத் திறக்க மாட்டார். பக்கத்தில் இருந்தால் நமக்கு மூச்சு முட்டும். என்ன செய்தாலும் அந்தக் கண் நம் காலுக்குக் கீழே எதையோ பார்த்துக்கொண்டிருக்கும்.

இனி, மாதாவை இறக்கச் சொன்ன அந்தத் திருவிழா நாள்.

கோயில் முகப்பின் மேல்தளத்தில் நிறுத்துவதற்கு ஒரு புது மாதா வந்திருந்தார். சிமெண்டில் செய்தது. ஆளைவிட உயரம், எருமை மாட்டு எடை. இதை வேறு யாரும் தொடக்கூடாது, என் கிரேன்தான் ஏற்றும், பிடியையும் நானே பிடிப்பேன் என்று நான் முன்பே சொல்லி வைத்திருந்தேன். திருவிழாக் குழுவுக்கு அந்த வருஷம் பொறுப்பு மிஸ்ஸி.

பெல்ட்டை எடுத்ததும் தகராறு வந்தது. கிரேனில் சாமானைக் கட்டித் தூக்கும் பட்டையைத்தான் பெல்ட்டு என்போம். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய அந்தப் பெல்ட்டு மாதாவின் உடம்பில் நேராகப் படுவதா என்று பெண்கள் முகம் சுளித்தார்கள்.

"கக்கூஸ் தொட்டி தூக்குன பெல்ட்டு மாப்பிள்ளை இது," என்றார் மச்சான். "மாதா மேல அப்படியே போடுவியா?"

"கோணியைச் சுத்திப் போடுறேன் மச்சான்."

"மாதாவுக்குக் கோணியா? உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?"

கடைசியில் பெண்கள் ஒரு புது நீலப் பட்டுப் புடவையைக் கொண்டுவந்து மாதாவுக்குச் சுற்றினார்கள். அதற்கு மேல் பெல்ட்டு. கூட்டத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மிஸ்ஸி மட்டும் புடவையின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துத் தேய்த்துப் பார்த்தார். பெண்கள் அழுதுகொண்டே பாட ஆரம்பித்திருந்தார்கள். அவர் விரலை எடுத்துக்கொண்டார்.

தூக்கினேன். சும்மா சொல்லக்கூடாது, பால் கிண்ணத்தைத் தூக்குகிற மாதிரி தூக்கினேன். மாதா தளத்தின் உயரத்துக்கு வந்துகொண்டிருந்தபோது கடல் பக்கமிருந்து காற்று திரும்பியது. முந்தானை உப்பியது. பெல்ட்டு பட்டில் வழுக்கி இடுப்பிலிருந்து மார்புக்கு ஏறியது. மாதா ஒரு பக்கமாகச் சாய்ந்தார். பெல்ட்டு தோளுக்கடியில் எங்கேயோ மாட்டி நின்றது.

பாட்டு நின்றுவிட்டது.

அடுத்து நடந்ததை என் தொழிலில் வேறெங்கும் நான் பார்த்ததில்லை. மேலே சாமான் ஆடினால் மனுஷன் ஓடுவான். எந்தச் சாதி, எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும் ஓடுவான். இவர்களும் ஓடினார்கள். வெளியே அல்ல, அடிக்கு. கையை மேலே நீட்டிக்கொண்டு, மாதாவே மாதாவே என்று கத்திக்கொண்டு, சரியாக அந்த எடைக்கு நேர் கீழே வந்து நின்றார்கள். நடுவில் என் மச்சான்.

"இறக்கு மாப்பிள்ளை, நாங்க தாங்கிக்கிறோம்!"

தாங்குகிற எடையா அது? நான் கிரேனின் கையை மெதுவாக வலப்பக்கம் கொண்டுபோனேன். கூட்டமும் வலப்பக்கம் வந்தது. இடப்பக்கம் கொண்டுபோனேன். இடப்பக்கம் வந்தார்கள். ஃபாதர் மைக்கைப் பிடுங்கி விலகச் சொன்னார். பின்னால் நின்றவர்கள் விலகினார்கள். நடுவில் இருந்தவர்களின் காதில் எதுவும் ஏறவில்லை. பெல்ட்டு இன்னும் ஒரு விரற்கடை ஏறியது. கூட்டத்தில் யாருக்கும் அது தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது. என் பனியன் முதுகோடு ஒட்டிவிட்டது.

மிஸ்ஸி கூட்டத்துக்குள் நுழைந்து மச்சானின் கையைப் பிடித்து இழுத்தார்.

"தம்பி, தள்ளி நில்லு."

"நீங்க தள்ளுங்க மிஸ்ஸி. மாதா விழுந்தா என் மேல விழட்டும்."

"சொல்றதைக் கேளு."

"எனக்கு ஒண்ணும் ஆகாது. மாதா பாத்துக்குவாங்க."

மிஸ்ஸி அதற்கு மேல் கெஞ்சவில்லை. நின்று பார்த்தார். மேலே பெல்ட்டை, கீழே தலைகளை, பிறகு கோயில் மதிலை. நேராக என்னிடம் வந்தார். ஓடவில்லை. ஆனால் அவர் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை.

"கை மதிலுக்கு அந்தப் பக்கம் எட்டுமா?"

"எட்டும்."

"கீழ என்ன இருக்கு?"

"லொங்காங்." மதிலுக்கு அந்தப் பக்கம் ஓடும் பெரிய சாக்கடை அது. பாதி ஜார்ஜ் டவுனின் கழிவும் அதில்தான் கடலுக்குப் போகிறது.

"ஆளு யாராவது?"

"அதுல எவன் நிப்பான் மிஸ்ஸி?"

"அங்க கொண்டு போய் இறக்கு."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். "மிஸ்ஸி, அது சாக்கடை. மாதாவை..."

"என்னன்னு எனக்குத் தெரியும். மதிலைத் தாண்டி உன் மச்சானால வர முடியாது. கொண்டு போ."

எனக்குக் கை வரவில்லை. எத்தனையோ டன் சாமானைத் தூக்கிய கை. மிஸ்ஸி என் மணிக்கட்டுக்குப் பக்கத்தில், பிடியைத் தொடாமல், தன் கையை நீட்டி வைத்துக்கொண்டு நின்றார். நீ செய்யாவிட்டால் நான் செய்வேன் என்பது போல. அவருக்குக் கிரேனைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது.

திருப்பினேன். கூட்டம் மாதாவுக்குக் கீழேயே ஓடி வந்து மதிலில் மோதியது. மச்சான் மதில் மேல் ஏறப் பார்த்தார். அவர் விரல் மதில் விளிம்பைப் பிடித்தபோது மாதா தாண்டிவிட்டார். தாண்டி, லொங்காங்கின் நடுவுக்குப் போகும்போது, புடவை அவிழ்ந்தது.

சத்தத்தை நான் எழுத விரும்பவில்லை. கொக்கியில் பெல்ட்டும் நீலப் புடவையும் மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

மச்சான் மதில் மேலிருந்து திரும்பினார். அப்படி ஒரு முகத்தை அவரிடம் நான் பார்த்ததில்லை. "திருப்தியா மிஸ்ஸி?" என்றார்.

மிஸ்ஸி அவரைத் தாண்டிப் பெண்கள் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "யாருக்காவது அடிபட்டிருக்கா? அந்த அக்காவை நிழல்ல உட்கார வைங்க" என்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, இரும்புப் படி வழியாகத் தானே லொங்காங்கில் இறங்கினார். அந்த வயதில், வெள்ளைச் சேலையோடு, முழங்கால் அளவுக் கறுப்புத் தண்ணீரில் நின்று உடைந்த துண்டுகளைப் பொறுக்கினார். மச்சானும் இறங்கினார். இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் பொறுக்கினார்கள். மாதாவின் முகம் முழுசாகக் கிடைத்தது. மிஸ்ஸி கை நீட்டினார். மச்சான் அதைக் கொடுக்காமல் தன் சட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

பிறகு குழுக் கூட்டம். ஆட்டாமல் இருந்தால் பெல்ட்டு நின்றிருக்கும், திருப்பியதால்தான் விழுந்தது என்று பாதிப் பேர். எப்படியும் விழுந்திருக்கும் என்று மீதிப் பேர். லீவரைப் பிடித்தது நான், திட்டுவதென்றால் என்னைத் திட்டுங்கள் என்று எழுந்து நின்றேன். என்னைத் திட்ட ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. மிஸ்ஸி எழுந்தார்.

"பட்டு வழுக்கும்னு காலையிலேயே எனக்குத் தோணுச்சு. சொன்னா பொம்பளைங்க மனசு நோகும்னு விட்டேன். அது என் தப்பு. அதுக்கு என்ன செய்யணுமோ செய்ங்க. லொங்காங்குக்கு நான் மன்னிப்புக் கேக்க மாட்டேன்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருந்தால் விட்டிருப்பார்கள். வகுப்பு எடுப்பதை நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினார். ஞாயிறு தவறாமல் வந்து தன் வழக்கமான பெஞ்சில் உட்கார்ந்தார். அந்தப் பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் பெரும்பாலும் இடம் காலியாகவே இருக்கும். என் மனைவியும் நானும் போய் உட்காருவோம். மச்சான் அந்த வரிசையைக்கூடத் திரும்பிப் பார்க்கமாட்டார். மாதாவின் முகத்தைத் தன் வீட்டுப் பீடத்தில் வைத்து விளக்கேற்றி வந்தார்.

வருஷங்கள் போய், மிஸ்ஸிக்கு இருதயம் பலவீனப்பட்டுப் படுக்கையில் விழுந்தார். தங்கை மகள் வந்திருந்து பார்த்துக்கொண்டாள். அப்போது ஒரு நாள் மச்சான் என் பட்டறைக்கு வந்தார்.

"மாப்பிள்ளை, அந்தம்மாவைப் பாக்கணும். நீயும் கூட வா."

"எதுக்கு, இன்னும் திட்டுறதுக்கா?"

"ஒண்ணு கேக்கணும். கேக்காம அவங்க போயிட்டா எனக்குத் தூக்கம் வராது."

மாலை வெயில் ஜன்னலில் இருந்தது. மிஸ்ஸி தலையணையை உயர்த்திப் படுத்திருந்தார், மூக்கில் குழாய். மச்சான் கட்டிலுக்கு எதிரே இருந்த மர நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சாப்பிட்டீங்களா மிஸ்ஸி?"

"கஞ்சி."

"டாக்டர் என்ன சொல்றாரு?"

"நீ டாக்டரைப் பத்திக் கேக்க வரல. கேளு."

மச்சான் என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

"அன்னைக்கு... நீங்க அந்தப் பக்கம் கொண்டு போகச் சொல்லாம இருந்தா, மாதா விழுந்திருப்பாங்களா?"

என்னிடம் அதற்குப் பதில் உண்டு. தொழில் தெரிந்தவன் நான். வாயைத் திறந்தேன். மிஸ்ஸி போர்வைக்கு மேல் விரலை மட்டும் தூக்கினார். மூடிக்கொண்டேன்.

"தெரியாது தம்பி."

"தெரியாதா?"

"நின்னிருக்கலாம். விழுந்திருக்கலாம்."

"தெரியாமலா மாதாவை அங்க கொண்டு போய்..." மச்சான் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டார். "இத்தனை வருஷமா ஆளாளுக்குத் தெரியும் தெரியும்னு சொல்றாங்க. உங்களுக்கே தெரியாதா?"

"கொஞ்சம் பொறுத்திருந்தா தெரிஞ்சிருக்கும். ஆனா அது வரைக்கும் நீ அடியில நிக்கணும்." மிஸ்ஸி மூச்சு வாங்கினார். தங்கை மகள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். "முதல்ல உன்னைத்தான் நகர்த்திப் பாத்தேன். நீ நகரல. மாதாவை நகர்த்த முடிஞ்சது."

மச்சான் முகத்தைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். தெருவில் ஐஸ்கிரீம் வண்டியின் மணி கேட்டுத் தேய்ந்து போனது. அவர் நாற்காலியில் சாயப் போனார்.

"சாயாத," என்றார் மிஸ்ஸி. "அதோட பின் கால் ஆடுது. இப்படிக் கட்டில்ல வந்து உட்காரு."

மச்சான் நாற்காலியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எழுந்து போய்க் கட்டிலில் உட்கார்ந்தார்.